கொழும்புக்கு இன்னொரு செயலி வேண்டுமா?

11 பெப்ரவரி 2025 – கேள்வி

மொறட்டுவையில் படிக்கும் மாணவன் நான். ஞாயிற்றுக்கிழமை நாடு முழுவதும் மின்சாரம் போய்க் கிடந்தபோது யோசித்தேன். இந்த நகரத்தில் எதுவும் முன்கூட்டித் தெரிவதில்லை. பஸ் எப்போது வரும், குப்பை வண்டி எப்போது வரும், எந்த வீதியில் வெள்ளம் நிற்கிறது, ஒன்றும் தெரியாது. இவை எல்லாவற்றையும் ஒரே செயலிக்குள் கொண்டுவந்தால் கொழும்பு பாதி திருந்திவிடும் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் காரணத்துடன் மறுக்கவும்.

12 பெப்ரவரி 2025

காரணத்துடனேயே மறுக்கிறேன்.

நான் வெள்ளவத்தையில் ஏறிக் கோட்டையில் இறங்குகிறவள். காலி வீதியில் பஸ் எப்போது வரும் என்பது எனக்கு ஒருநாளும் பிரச்சினையாக இருந்ததில்லை. 100, 101 என்று மூன்று நான்கு சேர்ந்தாற்போல் வரும். தொல்லை ஏறிய பிறகுதான் தொடங்கும். பம்பலப்பிட்டிச் சந்தியில் ஆள் சேரும்வரை பஸ் நகராது. நடத்துநர் இறங்கி நின்று "கோட்டை, கோட்டை" என்று வீதியைக் கூப்பிடுவார். பின்னால் அதே இலக்கத்துப் பஸ் ஒன்று கண்ணாடியில் தெரிந்ததும் சாரதிக்கு வேகம் பிறக்கும். அதற்குப் பிறகு கொள்ளுப்பிட்டிவரை கைப்பிடியை விட்டவர் விழுந்தார்.

இது சாரதியின் குணக்கேடு என்று நினைக்காதே தம்பி. தனியார் பஸ்ஸில் அன்றைய வசூலில் உரிமையாளருக்குப் போக வேண்டியது போய், மிச்சத்தில்தான் சாரதிக்கும் நடத்துநருக்கும் சம்பளம். முன்னால் போகிற பஸ் ஏற்றிக்கொள்ளும் ஒவ்வோர் ஆளும் இவர்களுடைய இரவுச் சாப்பாட்டில் கை வைக்கிறார். நேரக் காப்பாளர்கள் நிற்கிறார்கள், கையில் அட்டையும் இருக்கிறது, சண்டையும் தினமும் நடக்கிறது. ஜிபிஎஸ் பொருத்தினால் இந்த ஊர்தலையும் பாய்ச்சலையும் திரையில் துல்லியமாகப் பார்க்கலாம். பார்த்துவிட்டு?

ஓடிய கிலோமீட்டருக்குக் காசு, வசூல் எல்லாம் ஒரே பெட்டிக்குள் என்று முதலில் ஒப்பந்தத்தை மாற்றட்டும். மாற்றிய மறுநாள் ஜிபிஎஸ் இல்லாமல் ஒரு பஸ்ஸும் ஓட முடியாது, ஏனென்றால் ஓடிய தூரத்தை யாராவது நிரூபித்தாக வேண்டும். அப்போது செயலி தானாக வரும்.

12 பெப்ரவரி 2025, இரவு

"முச்சக்கர வண்டிச் செயலிகள் வேலை செய்யவில்லையா?" என்று ஒருவர் கீழே கேட்டிருக்கிறார். செய்கின்றன. பிக்மீ, ஊபர் இரண்டும் 2015 இல் இங்கே ஓடத் தொடங்கின. அதற்கு முன் இரவு எட்டு மணிக்கு மேல் மருதானையிலிருந்து வீட்டுக்கு வரப் பேரம் பேசிய பெண்களைக் கேளுங்கள். ஏன் வேலை செய்தது? சாரதிக்கு ஆள் கிடைக்கிறது, எனக்கு விலை தெரிகிறது, இருவருக்கும் அந்த நிமிடமே லாபம்.

ஆனால் அதை "நிலைபேறான நகரம்" என்ற கணக்கில் எழுதாதீர்கள். பஸ்ஸில் போயிருக்க வேண்டிய என்னைத் தனியாக ஒரு வண்டியில் ஏற்றிவிட்டிருக்கிறது, அவ்வளவுதான். மாலபேயிலிருந்து கோட்டைக்கு ஜப்பான் கடனில் வரவிருந்த இலகு ரயிலை 2020 செப்டம்பரில் கைவிட்டார்கள். அந்தப் பாதையில் இன்று நெரிசலில் நிற்பவர்கள் கையில் எல்லாச் செயலியும் இருக்கிறது.

14 பெப்ரவரி 2025

எதிர்பார்த்ததுதான். எரிபொருள் கியூஆரைத் தூக்கிக்கொண்டு ஒரு படையே வந்திருக்கிறது. "2022 ஐ மறந்துவிட்டீர்களா அக்கா?"

மறப்பேனா? அந்த யூலையில் எங்கள் ஒழுங்கையின் வாசலிலிருந்து காலி வீதி நிரப்பு நிலையம்வரை எரிபொருளுக்காக வண்டிகள் நின்றன. ஆட்கள் வண்டிக்குள்ளேயே தூங்கி எழுந்தார்கள். பிறகு கியூஆர் குறியீடு போட்ட தேசிய எரிபொருள் அனுமதி வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, காருக்கு 20. முதலில் வண்டி இலக்கத்தின் கடைசி எண்ணைப் பார்த்து நாளும் பிரித்தார்கள். சில வாரங்களில் வரிசை சுருங்கியது. 2023 செப்டம்பரில் பங்கீட்டையே எடுத்துவிட்டார்கள். நல்ல வேலை, ஒப்புக்கொள்கிறேன். இந்த நாட்டில் அரசாங்கம் செய்த எண்மிய வேலைகளில் நான் கைதட்டியது அது ஒன்றுக்குத்தான்.

ஆனால் எதனால் நடந்தது என்று பாருங்கள். குழாயைப் பிடித்திருப்பவர் கியூஆரை ஸ்கேன் செய்யாமல் எண்ணெய் அடிக்கக் கூடாது. வண்டிக்காரர் காட்டாமல் வாங்க முடியாது. ஒரே வண்டி வெள்ளவத்தையில் அடித்துவிட்டுத் தெஹிவளையிலும் அடித்தால் உடனே மாட்டிக்கொள்ளும். தகவலும் எண்ணெயும் ஒரே குழாயில் வந்தன. முறைப்பாட்டுச் செயலிகளில் அந்தக் குழாய் இல்லை. தகவல் மட்டும் மேலே போகும்.

உதாரணம் கையில் இருக்கிறது. எங்கள் ஒழுங்கையின் வடிகால் அடைத்துக்கொண்டபோது படம் எடுத்து ஒரு முறைப்பாட்டுச் செயலியில் போட்டேன். எந்த அலுவலகத்தின் செயலி என்று எழுதப் போவதில்லை. உடனே இலக்கம் வந்தது. சில நாட்களில் "தீர்க்கப்பட்டது" என்று பச்சை நிறத்தில் செய்தியும் வந்தது. வடிகாலில் அதே பிளாஸ்டிக் போத்தல், அதே இளநீர்க் கோம்பை. மேற்பார்வையாளரின் கைத்தொலைபேசி இலக்கத்தைப் பக்கத்துத் தேநீர்க் கடைக்காரர் தந்தார். அழைத்தேன், மறுநாள் ஆட்கள் வந்து வாரிப்போனார்கள். திறந்து கிடக்கும் முறைப்பாடுகளின் எண்ணிக்கையை வைத்து அதிகாரியை அளந்தால், அவர் முறைப்பாட்டை மூடுவார். வடிகாலை ஏன் திறக்கப் போகிறார்?

15 பெப்ரவரி 2025

கியூஆர் பற்றி இன்னொன்று. ஸ்மார்ட் கைத்தொலைபேசி இல்லாதவர்கள் அதை எப்படிச் சமாளித்தார்கள்? கொமியூனிகேஷன் கடையில் அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, சாவிக்கொத்தில் தொங்கவிட்டார்கள். முச்சக்கர வண்டிக்காரர்கள் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் செருகி வைத்திருந்தார்கள். கடதாசியிலும் உயிர்வாழக் கூடியதாக இருந்ததால்தான் அது எல்லோருக்குமானதாக இருந்தது. அடுத்த செயலியை வடிவமைக்கும் பிள்ளைகள் இதைச் சுவரில் எழுதி ஒட்டலாம்.

21 பெப்ரவரி 2025

"அப்படியானால் தொழில்நுட்பமே வேண்டாம் என்கிறீர்களா?" இல்லை. யாருக்கும் காட்ட முடியாத, திறப்பு விழா வைக்க முடியாத தொழில்நுட்பம் வேண்டும் என்கிறேன். தண்ணீரை எடுத்துக்கொள்வோம், இது எனக்கு வீட்டுக்குள்ளேயே தெரிந்த விடயம்.

கொழும்புக்குக் குழாய் நீர் வந்தது 1880களில், லபுகமவிலிருந்து. இன்று பெரும்பகுதி களனி கங்கையிலிருந்து அம்பத்தலையில் சுத்திகரித்து வருகிறது. நகருக்குள் புதைந்திருந்த குழாய்களில் நூறு வருடம் தாண்டியவையும் இருந்தன. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் அவற்றை மாற்றும் வேலை 2012 அளவில் தொடங்கியபோது, நகருக்கு அனுப்பிய நீரில் ஏறக்குறைய பாதிக்கு வருமானமே இல்லை. பாதி! மழை பெய்து வெள்ளம் வருகிற ஊரில், மின்சாரம் செலவழித்துச் சுத்திகரித்து ஏற்றிய நீரில் பாதி.

என் அண்ணன் சில காலம் கசிவு கேட்கும் வேலையில் இருந்தார். ஆம், கேட்கும் வேலைதான். காலி வீதி அடங்கிய பிறகு, நள்ளிரவு தாண்டி, இரும்புத் தடியைக் குழாயின் வால்வில் ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார்கள். கசியும் குழாய் மெல்லச் சீறும். பிறகு தரையில் வைக்கும் ஒலிவாங்கி வந்தது. அதற்குப் பிறகு குழாயின் இரண்டு இடங்களில் உணரியை வைத்து, ஒலி வந்துசேரும் நேர வித்தியாசத்திலிருந்து கசிவு எத்தனை மீட்டரில் இருக்கிறது என்று கணக்கிடும் கருவி வந்தது. அண்ணன் அதை முதலில் நம்பவில்லை. கருவி காட்டிய இடத்தில் தோண்டித் தண்ணீர் வந்த பிறகும் "காதும் அதையேதான் சொன்னது" என்றார்.

அதைவிடப் பெரிய வேலை, நகரத்தைச் சிறு சிறு வலயங்களாக அடைத்து ஒவ்வொன்றின் வாயிலிலும் ஒரு மானியை வைப்பது. இரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் ஊர் தூங்கும். அப்போதும் வலயத்துக்குள் நீர் ஓடிக்கொண்டே இருந்தால் அது யார் வாய்க்கும் போகாத நீர். எந்த வலயத்தில் முதலில் தோண்ட வேண்டும் என்று அந்த ஓர் எண் சொல்லிவிடும். குடிமகன் எதையும் பதிவிறக்க வேண்டியதில்லை. குழாய் வெடிப்பதற்கு முன்பே ஆள் வருவான். வீதியும் குறைவாகக் கிண்டப்படும்.

22 பெப்ரவரி 2025

மேலே உள்ளதற்குக் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருவர் நல்ல குறுக்குக் கேள்வி போட்டிருக்கிறார்: தொடர்மாடிகளில் நிலத்தடித் தொட்டியும் கூரைத் தொட்டியும் இரவில்தானே நிரம்புகின்றன, அப்போது இரவு ஓட்டத்தை எப்படிக் கசிவு என்று எடுப்பது?

சரியான பிடி. அண்ணனிடம் கேட்டேன். தொடர்மாடிகள் அடர்ந்த வலயத்தில் அந்த எண்ணை அப்படியே நம்ப மாட்டார்கள் என்றார். பெரிய கட்டடங்களின் மானிகளையும் அதே நேரத்தில் வாசித்துக் கழிக்க வேண்டும். அதோடு, மிதவை வால்வு சொட்டுச் சொட்டாக விடும் நீரைப் பழைய வீட்டு மானி பதியாமலே விட்டுவிடும். அதுவும் "இழப்பு" கணக்கில் சேரும், ஒரு சொட்டும் மண்ணில் போகாவிட்டாலும்.

இன்னொரு பகுதியும் இருக்கிறது. தோட்டங்கள் என்று நாங்கள் சொல்லும் நெருக்கமான குடியிருப்புகளில், பொதுக் குழாயடியில் பிடிக்கும் நீருக்கும் வருமானம் இல்லை. நான் வளர்ந்தது கிராண்ட்பாஸில், அப்படியொரு குழாயடிக்குப் பக்கத்தில். திரையில் அதுவும் கசிவும் ஒரே நிறத்தில்தான் தெரியும். மானிக்கு வித்தியாசம் தெரியாது, வாசிக்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதைத் தெரியாத ஒருவர் "இழப்பைக் குறைத்தேன்" என்று குழாயடியை மூடினால் எண் அழகாக இறங்கும்.

7 மார்ச் 2025

சிறு செய்தி. அமெரிக்கத் தூதரகங்கள் உலகம் முழுவதும் தங்கள் காற்றுத்தர அளவீடுகளை வெளியிடுவதை இந்த வாரம் நிறுத்திவிட்டன. கொழும்பும் அதில் அடக்கம். காலையில் அதைப் பார்த்துவிட்டுத்தான் அம்மாவை நடக்க அனுப்புவேன். ஆஸ்துமா.

2022 டிசம்பரில் காற்று கெட்டுப் பாடசாலைகளையே ஒருநாள் மூடியது நினைவிருக்கும். அன்று எல்லோரும் பார்த்த எண்களில் அதுவும் ஒன்று. தன் வீட்டுக் கூரையில் உள்ள மானியைப் பக்கத்து வீட்டுக்காரர் கழற்றிக்கொண்டு போனால் சண்டைக்குப் போக முடியாது, அது அவருடையது. நம்முடைய தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனமும் அளக்கிறது. இனி அதைத்தான் பார்க்க வேண்டும். இந்த இழையில் இருக்கும் பொறியியல் பிள்ளைகள் மலிவு உணரி ஒன்றைச் செய்து மாடியில் வைப்பதாக இருந்தால் ஒன்று: கடற்கரை ஈரக்காற்றில் அந்த மலிவு உணரிகள் நீர்த்துளியையும் தூசு என்று எண்ணும். ஈரப்பதத்தையும் சேர்த்து அளந்து திருத்தாவிட்டால் மரைன் டிரைவில் தினமும் டெல்லி தெரியும்.

16 ஏப்ரல் 2025

புத்தாண்டு வாழ்த்தை எல்லாம் விடுங்கள். கூரைச் சூரிய மின்சாரம் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

விடுமுறைக் காலத்தில் கூரைத் தகடுகளைப் பகல் 3 மணிவரை நிறுத்திவைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது. எங்கள் தொடர்மாடியில் தகடு போட்டிருக்கிறோம். நிர்வாகக் குழுவின் வாட்ஸ்அப்பில் அரை நாள் விவாதம். நிறுத்தினால் யார் நட்டத்தைத் தருவார்கள், நிறுத்தாவிட்டால் யார் கண்டுபிடிப்பார்கள் என்று. கடைசியில் தேசப்பற்று வென்றது. நிறுத்தப் போனால் சுவிட்ச் அறையின் சாவி காவலாளியிடம், காவலாளி பதுளையில். தகடுகள் வழக்கம்போல் உற்பத்தி செய்தன.

சிரிக்கலாம், ஆனால் விடயம் சிரிப்பல்ல. பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு தொட்டதால் நாடே இருண்டது என்று குரங்கை எல்லோரும் திட்டினோம். அது ஞாயிறு, வெயில், மின்தேவை குறைவு. அந்நேரம் தகடுகளின் பங்கு அதிகம், பெரிய சுழலிகளின் பங்கு குறைவு. சுழலும் பாரம் குறைந்தால் சிறு அதிர்ச்சியையும் வலையமைப்பால் தாங்க முடியாது. புத்தாண்டில் தொழிற்சாலைகள் மூடியிருக்கும், அதே ஆபத்து. சபை கேட்டது நியாயம்தான். கேட்ட விதம் 1975 இனுடையது: பத்திரிகையில் வேண்டுகோள்.

தூரத்திலிருந்து தகடுகளின் உற்பத்தியை மெல்லக் குறைக்கக்கூடிய மாற்றிகள் (இன்வேர்ட்டர்) சந்தையில் இருக்கின்றன. எந்த மணிக்கு எவ்வளவு எடுத்தோம், எவ்வளவு கொடுத்தோம் என்று பதியும் மானிகள் இருக்கின்றன. பகல் மின்சாரம் மலிவு, இரவு 7 மணிக்கு விலை கூட என்று வைத்தால், நான் துணி தோய்க்கும் இயந்திரத்தைப் பகலில் ஓட விடுவேன், குழு மின்கலம் வாங்குவது பற்றி யோசிக்கும். இப்போது எங்கள் வீட்டு மானிக்குத் தெரிந்தது மாதத்துக்கு ஒரே எண். அதை வாசிக்க ஒருவர் படியேறி வருகிறார்.

17 ஏப்ரல் 2025

"உங்களிடம் எல்லாவற்றுக்கும் மானிதான் மருந்து" என்று ஒரு நையாண்டி. அப்படியா? மூன்று நாளுக்கு முன் மீதொட்டமுல்லைக் குப்பை மலைச் சரிவின் நினைவுநாள் போனது. ஒருவரும் எழுதவில்லை, ஆகவே நானே எழுதுகிறேன்.

2017 ஏப்ரல் 14, புத்தாண்டு அன்று பிற்பகல் அந்தக் குப்பை மலை சரிந்து வீடுகளை மூடியது. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அங்கே எந்த உணரி குறைவாக இருந்தது? மலை எல்லோர் கண் முன்னாலும் வளர்ந்தது. நாற்றம் பல வீதி தாண்டி வீசியது. அங்கிருந்த மக்கள் வருடக்கணக்கில் வீதியில் இறங்கிப் போராடினார்கள், அதுவும் பதிவானது. தகவல் இருந்தது. பதில் சொல்லக் கடமைப்பட்டவர் இருக்கவில்லை. பிறகு கெரவலப்பிட்டியில் குப்பையை எரித்து 10 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் நிலையம் 2021 இல் வந்தது, ஒரு பகுதி குப்பை புத்தளம் அருவக்காட்டுக்குப் போனது. ஈரக் குப்பையை வீட்டிலேயே பிரிக்காவிட்டால் எரிப்பதில் பயன் குறைவு. அதற்கும் செயலி செய்யப் போகிறேன் என்று ஒருவர் வருவார் பாருங்கள்.

17 ஏப்ரல் 2025, பிற்பகல்

வந்துவிட்டார்.

7 மே 2025

நேற்று உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களித்துவிட்டு மையைக் காய வைத்துக்கொண்டிருந்தபோது நினைவுக்கு வந்தது. கொழும்பிலிருக்கும் லர்ன்ஏசியா நிறுவனம் கைத்தொலைபேசி அழைப்புப் பதிவுகளை, பெயர் இலக்கம் நீக்கியவற்றை, ஆராய்ந்து பார்த்திருக்கிறது. எந்தக் கோபுரத்தின் கீழ் இரவில் எத்தனை பேர், பகலில் எத்தனை பேர் என்று. பகலில் கொழும்பு நகருக்குள் இருப்பவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் வெளியிலிருந்து வருகிறவர்கள். தொகைமதிப்பு பத்து வருடத்துக்கு ஒருமுறை இரவுக் கொழும்பை எண்ணுகிறது. பகல் கொழும்பை இது எண்ணியது.

ஆக, கோட்டையில் நடைபாதை கேட்கிறவர், மருதானையில் கழிப்பறை தேடுகிறவர், புறக்கோட்டையில் பஸ்ஸுக்கு வெயிலில் நிற்கிறவர், இவர்களில் பெரும்பகுதிக்கு மாநகர சபையில் வாக்கு இல்லை. வாக்கு மஹரகமையில், கம்பஹாவில், பாணந்துறையில். புறக்கோட்டையில் ஏன் நிழல் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. இப்படிப்பட்ட தரவு வேலையை யாராவது கண்டித்தால் நான் அவரோடு சண்டைக்கு வருவேன்.

(அழைப்புப் பதிவு என்றதும் ஒருவர் "உளவு" என்று எழுதியிருக்கிறார். பயம் நியாயமானது. இந்த நாட்டில் தமிழர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, பொலிஸ் பதிவுப் படிவத்தை நிரப்பிக்கொண்டு வெள்ளவத்தையில் வாழ்ந்தவர்கள் நாங்கள். அதனால்தான் யார் கையில் தரவு, எத்தனை நாள், எந்தச் சட்டத்தின் கீழ் என்று கேட்க வேண்டும். 2022 இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதை வைத்துக் கேளுங்கள்.)

8 ஜூன் 2025

மழை. நுளம்பு. இழையில் கொஞ்சம் டெங்கு சேர்ப்போம். 2017 இல் நாடு முழுவதும் 186,101 பேருக்கு டெங்கு, அதில் நானும் ஒருத்தி. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களுக்காக மோபஸ் என்றொரு செயலியைச் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகம் ஒன்று கொழும்பு மாநகர சபையுடன் சேர்ந்து அதற்குச் சில வருடங்கள் முன்பே கொண்டுவந்தது. கடதாசிப் படிவம் அலுவலகம் போய்ச் சேரும் தாமதத்தைக் குறைப்பது நோக்கம். நல்ல நோக்கம். பரிசோதகர் எங்கள் மாடிக்கு வந்தபோது நுளம்புக் குடம்பியை எங்கே கண்டுபிடித்தார் தெரியுமா? குளிரூட்டிக்குக் கீழே தண்ணீர் சேரும் தட்டில். நகரம் சூடாகிறது என்று எல்லோரும் குளிரூட்டி வாங்கினோம். மாடிக்கு மாடி ஒரு குட்டிக் குளம்.

5 ஒக்டோபர் 2025

மேல் மாகாணத்தில் தனியார் பஸ்களில் டிக்கெட் கட்டாயம் என்று இந்த மாதம் முதல் விதி. நடத்துநர் கிழித்துத் தருகிறார், முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பெப்ரவரியில் பஸ் பற்றி எழுதியதன் தொடர்ச்சி இதுதான். டிக்கெட் என்றால் எண்ணிக்கை. எண்ணிக்கை என்றால் வசூல் எவ்வளவு என்று உரிமையாளருக்கும் தெரியும், வரி கேட்பவருக்கும் தெரியும். இத்தனை காலம் டிக்கெட் தராதது அச்சுச் செலவுக்காக என்று நம்பியவர்கள் கை தூக்கவும். வங்கி அட்டையால் கட்டணம் வாங்கும் முறையும் வரப்போகிறதாம். வந்தால் மிச்சச் சில்லறைச் சண்டை ஒழியும், நல்லது. ஆனால் எனக்கு வேண்டியது அந்த இயந்திரத்துக்குள் சேரும் தரவு. எந்தத் தரிப்பிடத்தில் எத்தனை பேர், எந்த மணிக்கு. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் கிலோமீட்டருக்குக் காசு என்ற ஒப்பந்தத்தைப் பேச முடியும்.

30 நவம்பர் 2025, இரவு

களனி கங்கை நாகலகம் வீதி அளவுகோலில் 7 அடி தாண்டிவிட்டது. அது பெருவெள்ள மட்டம். கொலன்னாவை, வெல்லம்பிட்டி, களனிப் பக்கம் வீட்டில் இன்னும் இருப்பவர்கள் பொருளைப் பார்க்காமல் ஏறுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. இழையில் வேறு எதுவும் எழுத வேண்டாம், இது மேலே நிற்கட்டும்.

6 டிசம்பர் 2025

இப்போது எழுதலாம்.

டித்வா புயல் 28 ஆம் திகதி கரை கடந்தது. மலைநாட்டில் நடந்ததை இங்கே எழுத எனக்கு வார்த்தை இல்லை. கொழும்புப் பக்கத்தை மட்டும் எழுதுகிறேன். களனி கங்கை ஒரே இரவில் கொழும்புக்குள் வருவதில்லை. மலையில் பெய்த மழை நோர்வூட், கித்துல்கல, கிளென்கோர்ஸ், ஹங்வெல்ல என்று அளவிடப்பட்டுக்கொண்டேதான் இறங்கிவருகிறது. நீர்ப்பாசனத் திணைக்களம் அந்த மட்டங்களை இணையத்தில் போடுகிறது. கிளென்கோர்ஸில் நீர் ஏறினால், அது நாகலகம் வீதிக்கு வந்துசேரும்வரை உள்ள மணித்தியாலங்கள்தான் ஒரு குடும்பத்துக்கு அரிசி மூட்டையையும் பிள்ளைகளின் புத்தகங்களையும் தூக்க இருக்கும் அவகாசம். ஆக, நான் வருடம் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்த மானி இங்கே இருக்கிறது. வேலையும் செய்தது.

எங்கே அறுந்தது? என் அலுவலகத் தோழி வெல்லம்பிட்டிக்காரி. அவளுடைய மாமியாருக்குத் தமிழ் மட்டுந்தான் வாசிக்கத் தெரியும். அவர்கள் கைக்கு வந்த முதல் எச்சரிக்கை சிங்களத்தில். தமிழில் வந்தபோது வீட்டு வாசலில் நீர். அனுப்பியவர் யார் என்பது வேண்டாம், பல இடங்களிலிருந்தும் பல செய்திகள் வந்தன, எல்லாவற்றிலும் தமிழ் கடைசி. இணையத்தில் மட்டங்கள் ஆங்கிலத்தில், அட்டவணையாக. நான் அதை வாசித்து "ஹங்வெல்லவில் இவ்வளவு, இன்னும் ஏறுகிறது" என்று குரல் பதிவாக அனுப்பிக்கொண்டிருந்தேன். அது வெல்லம்பிட்டிக் குழுக்களில் எனக்குத் தெரியாதவர்கள்வரை போயிருக்கிறது.

இன்னொன்று. கிராண்ட்பாஸில் வளர்ந்தவர்களுக்கு நாகலகம் வீதி அளவுகோல் தெரியும். 4 அடி என்றால் கவனம், 5 என்றால் சிறு வெள்ளம், 7 என்றால் பெரிது. "2016 இல் ஏழரை தாண்டியது" என்று எங்கள் சின்னம்மா இன்றும் சொல்வார். எண் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, அதற்கு ஏற்ப எந்தப் பொருளை எந்தப் படியில் வைக்க வேண்டும் என்ற கணக்கும் இருக்கிறது. வண்ண வரைபடம் போட்டு "அதிக ஆபத்து" என்று சிவப்புக் காட்டினால் அவர்களுக்கு ஒன்றும் விளங்காது. அடி எவ்வளவு என்று மட்டும் சொல்லுங்கள்.

சதுப்பு நிலங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2018 இல் கொழும்புக்கு ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. பத்தரமுல்லை, தலவத்துகொடைப் பக்கம் எஞ்சியிருக்கும் அந்தச் சேறுதான் நகருக்குள் பெய்யும் மழையைக் குடித்து வைத்திருக்கிறது. ஆறு உயர்ந்து வெளிவாயில்களை அடைத்தால் உள்ளே தேங்கும் நீருக்கு வேறு இடம் கிடையாது. ஒவ்வொரு காணித்துண்டாக மண் போட்டு நிரப்புவது செய்மதிப் படத்தில் மாதாமாதம் தெரியும். அதைப் பார்க்கவும் திறமை வேண்டியதில்லை, பார்த்துவிட்டு வேலியை இடிக்க ஒரு கையெழுத்து வேண்டும்.

13 டிசம்பர் 2025

கேள்வி கேட்ட மொறட்டுவைத் தம்பி திரும்பி வந்திருக்கிறார். இறுதி வருடச் செயற்றிட்டமாக வெள்ளச் செயலி செய்யப் போகிறாராம், மூன்று மொழியில், வரைபடத்துடன், பஸ்ஸும் குப்பையும் பிறகு சேர்ப்பாராம். என் கருத்தைக் கேட்கிறார்.

பஸ்ஸையும் குப்பையையும் விடு தம்பி. வரைபடத்தையும் விடு. களனி கங்கையின் அளவீட்டு நிலையங்களின் மட்டத்தை எடு. ஒவ்வொரு மூன்று மணித்தியாலத்துக்கும் ஒரு வரி: இடம், மட்டம், ஏறுகிறதா இறங்குகிறதா. தமிழில் முதலில், அதே நிமிடத்தில் சிங்களத்திலும். பழைய பொத்தான் கைத்தொலைபேசியிலும் போய்ச் சேரும் குறுஞ்செய்தியாக இருக்கட்டும். கூடவே கணினிக் குரலில் படித்த ஒலிப் பதிவும், வாட்ஸ்அப் குழுக்களில் தள்ளிவிட. திணைக்களத்தின் எண்ணை மாற்றாதே, ஊகிக்காதே, எத்தனை மணிக்கு அளந்தது என்பதை மறக்காமல் போடு. மூன்று மணித்தியாலம் பழைய எண்ணைப் புதியது என்று நம்பி ஒருவர் கீழ் மாடியில் படுத்துவிடக் கூடாது.

14 டிசம்பர் 2025

"மீட்டரிலா அடியிலா?" நல்ல கேள்வி. நாகலகம் வீதிக்கு அடி. மற்ற நிலையங்கள் அறிவிப்புகளில் மீட்டராகவே வருகின்றன, அவற்றை மீட்டராகவே விடு. எல்லாவற்றையும் ஒரே அலகுக்கு மாற்றி அழகுபடுத்த உன் விரிவுரையாளர் சொல்வார், கேட்காதே. சின்னம்மாவின் இலக்கத்தை வேண்டுமானால் தனியாக அனுப்புகிறேன், அவருக்கு முதல் செய்தியை அனுப்பிப் பார். விளங்கவில்லை என்றால் அவரே அழைத்துத் திட்டுவார்.